வாசிப்பு வட்டத்துக்கு எது தோது: வீடியோ அழைப்பா, குரல் பதிவா?

பள்ளி முடித்து ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகும் சேர்ந்து வாசிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு முதல் கேள்வி, எங்கே கூடுவது என்பதுதான். கூகுள் மீட், ஜூம் போன்ற நேரடி வீடியோ ஒரு வழி. டெலிகிராமிலோ வாட்ஸ்அப்பிலோ குழு வைத்து, அவரவர் நேரத்தில் குரல் பதிவு போடுவது இன்னொரு வழி. நாங்கள் கேரளத்தில் குமுளி, வண்டிப்பெரியாறு பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள். இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் குரல் பதிவில் நிலைத்திருக்கிறோம். அதனால் என் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

தெரிந்த விஷயங்களைச் சட்டென்று முடித்துவிடுகிறேன். காசு கட்டாவிட்டால் ஜூமில் 40 நிமிடம். மீட்டில் மூன்று பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் 60 நிமிடம். வீடியோ டேட்டாவைத் தின்னும். முகம் பார்த்துப் பேசும் சுகம் அதில் மட்டும்தான், சண்டையும் அதில்தான் ருசிக்கும். குரல் பதிவில் அதே சண்டை இரண்டு நாள் இழுக்கும்.

நான் முக்கியமாகப் பார்ப்பது, ஒருவர் வராமல் போனால் என்ன ஆகிறது என்பதை. எங்களில் ஒருவன் துபாயில். அங்கே நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால். ஒருத்தி கொச்சியில் நர்ஸ், ஷிப்ட் மாறிக்கொண்டே இருக்கும். இன்னொருவன் ஏலக்காய் ஏலத்தோடு ஓடுகிறவன், இன்று புற்றடி என்றால் நாளை போடி. ஜூனில் மழை பிடித்தால் எஸ்டேட்டில் கரண்ட் போகும், கூடவே டவரும் போகும். எந்த ஞாயிற்றுக்கிழமை வைத்தாலும் யாராவது இருக்க மாட்டார்கள். ஒரு கூட்டத்தை விட்டவர் அடுத்ததில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார். இரண்டை விட்டவர், "நீங்க பேசுங்கப்பா, நான் அப்புறம் வர்றேன்" என்பார். அந்த அப்புறம் வரவே வராது. மீட்டிங்கைப் பதிவு செய்து அனுப்பினால்கூட, ஒரு மணி நேரப் பேச்சை யார் உட்கார்ந்து கேட்பது?

குரல் பதிவில் விட்டதெல்லாம் அங்கேயே கிடக்கும். இரவு ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் போகும்போது கேட்டுவிட்டு, மூன்று நாள் பழைய பேச்சுக்கும் பதில் போடலாம். யாரும் தப்பாக நினைப்பதில்லை. ஏலக்காய்க்காரன் குமுளி மலைப்பாதையில் இறங்கும்போதுதான் பேசுவான். டவர் இல்லாததால் பதிவின் ஓரத்தில் சின்னக் கடிகாரம் நின்றுகொண்டிருக்கும்; அடிவாரத்து லோயர் கேம்ப் வந்ததும் எல்லாம் மொத்தமாக வந்து விழும். நடுவில் கொண்டை ஊசி வளைவு ஹாரனும், பக்கத்து சீட்டுக்காரர் "யாரைத் தம்பி இந்தத் திட்டு திட்டுறீங்க?" என்று கேட்டதும் சேர்ந்தே வரும். அவன் திட்டியது கதாநாயகனை.

எங்கள் பக்கத்துக்கென்றே இன்னொரு காரணமும் உண்டு. எங்கள் பள்ளியில் தமிழ் மீடியமும் இருந்தது, மலையாள மீடியமும் இருந்தது. மலையாள மீடியத்தில் படித்தவர்கள் வீட்டில் தமிழ்தான் பேசுவார்கள், ஆனால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். அதனால் ஒருவர் அத்தியாயத்தை வாசித்தே பதிவு போடுகிறார். இதற்கு நாட்டுடைமை ஆன நூல்களாகப் பார்த்து எடுக்கிறோம். மதுரைத் திட்டம் 1998-லிருந்து தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தருகிறது; எல்லோர் கையிலும் ஒரே பிரதி இருக்கும், புத்தகத்துக்காகக் கம்பம்வரை இறங்க வேண்டியதில்லை. குரலைக் கேட்டபடியே வரியில் விரல் வைத்துத் தொடர்ந்த ஒருத்தி, இப்போது தன் முறை வரும்போது தானே வாசிக்கிறாள். வீடியோவில் எல்லோர் முன்னாலும் தடுமாற அவள் சம்மதித்திருக்க மாட்டாள்.

குறை இல்லாமல் இல்லை. குரலுக்குள் தேட முடியாது. ஆகவே ஒவ்வொரு பதிவுக்கும் முன்னால் அத்தியாய எண்ணும் ஒரு வரியும் தட்டச்ச வேண்டும், பேச்சு இரண்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று வைத்திருக்கிறோம். தாண்டுகிறவர்கள் தாண்டத்தான் செய்கிறார்கள். அதற்குத்தான் இரட்டை வேகம்.

டெலிகிராமா, வாட்ஸ்அப்பா என்றால் டெலிகிராம். போன் மாற்றினாலும் பழைய பதிவுகள் அதன் சர்வரில் இருக்கும். பாதியில் சேர்கிறவருக்கும் முதலிலிருந்து தெரிகிற மாதிரி குழு அமைப்பில் மாற்றிவைக்கலாம். ஆனால் அதைத் தினமும் திறக்கிறவர்கள் குறைவு. "பதிவு வந்திருக்கு, போய்க் கேளுங்க" என்று நினைவூட்ட வாட்ஸ்அப்தான் வேண்டியிருக்கிறது.

எங்களுடையது சின்ன வட்டம். முப்பது நாற்பது பேர் என்றால் இந்தக் கணக்கு ஒத்துவருமா என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அத்தனை குரல் பதிவு குவிந்தால் கேட்கவே அலுத்துப்போகலாம். டிஸ்கார்ட் என்ற இன்னொரு குழு அரட்டைச் செயலியை மேலோட்டமாகத்தான் பார்த்தோம், அதனால் அதை இந்த ஒப்பீட்டில் இழுக்கவில்லை.

வீடியோவை ஒரேயடியாகக் கைவிடவும் இல்லை. ஒரு புத்தகம் முடிந்ததும், அடுத்தது எது என்று முடிவு செய்ய மட்டும் மீட்டில் கூடுகிறோம். 60 நிமிடமும் அதற்கே சரியாகிவிடுகிறது.