ஒன்பது ஆண்டுகளாக என் மேசையில் இருக்கும் கோபில்ட் அகராதி

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக (வாங்குவோருடன் பேசி ஆர்டர்களை ஒருங்கிணைப்பவராக) சேர்ந்த புதிதில், பழைய புத்தகக் கடையில் காலின்ஸ் கோபில்ட் என்ற ஆங்கில அகராதியின் ஒரு பதிப்பை வாங்கினேன். ஒன்பது ஆண்டுகளாக அது என் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அருஞ்சொற்களுக்காக அதைப் புரட்டிய நாட்கள் குறைவு. தெரிந்ததுதானே என்று நாம் கடந்து போகும் சின்னத் தொடர்களுக்காகத்தான் அதிகம் புரட்டியிருக்கிறேன்.

முதலில் என்னைத் தடுமாற வைத்தது 'கொய்ட்' (quite) என்ற சொல். பிரிட்டனைச் சேர்ந்த பையர் (ஆடைகளை வாங்குபவர்) ஒருவர், அளவு பொருந்துகிறதா என்று பார்க்க நாங்கள் தைத்தனுப்பிய ஃபிட் சாம்பிளைப் பார்த்துவிட்டு 'கொய்ட் குட்' என்று மடல் எழுதியிருந்தார். மிக நன்று என்கிறார் என நம்பி, துணி வெட்டும் அளவு வரைவான பேட்டர்னில் கை வைக்காமல் அடுத்த சாம்பிளையும் தைத்து அனுப்பினோம். கழுத்துப் பட்டியில் தொடங்கித் தோள் அளவு வரை குறைகளை அடுக்கி அவர் பதில் எழுதிய பிறகுதான் அகராதியைத் திறந்தேன். 'வெரி' என்பதைவிட அழுத்தம் குறைந்தது, ஓரளவு என்று பொருள்படுவது என ஒரு பதிவும், சொல்வதை முழுமையாக வலியுறுத்துவது என இன்னொரு பதிவும் அங்கே இருந்தன. 'குட்' போலக் கூடவும் குறையவும் கூடிய தன்மையைச் சொல்லும் சொல்லுடன் வந்தால் முதற்பொருள். 'இம்பாசிபிள்' போல முழுமையைக் குறிக்கும் சொல்லுடன் வந்தால் இரண்டாம் பொருள். அமெரிக்கர்கள் 'கொய்ட் குட்' என்று எழுதினால் அது பெரும்பாலும் மனமாரப் பாராட்டுவதுதான் என்பதை, அந்நாட்டு பையர்களின் மடல்களைப் படித்துப் படித்துப் பின்னாளில் அறிந்துகொண்டேன்.

இந்த அகராதியை நான் மதிப்பதற்குக் காரணம் அது பொருள் சொல்லும் முறை. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜான் சின்க்ளேர் தலைமையில், மக்கள் உண்மையில் எழுதியவற்றையும் பேசியவற்றையும் கணினியில் திரட்டி உருவாக்கிய இதன் முதற்பதிப்பு 1987இல் வெளிவந்தது. ஒரு சொல்லுக்கு ஈடாக இன்னொரு சொல்லை வைத்துவிட்டு நகராமல், ஒருவர் இப்படிச் சொன்னால் அவர் இன்னதைக் கருதுகிறார் என்று முழு வாக்கியமாகவே விளக்குகிறது. பணிவுக்காகச் சொல்வது, பட்டும் படாமலும் சொல்வது என்பன போன்ற குறிப்புகளும் பிற்காலப் பதிப்புகளில் உண்டு. 'டூ யூ மைண்ட்' (உங்களுக்கு ஆட்சேபம் உண்டா) என்று கேட்டால் 'நோ' என்பதே சம்மதம் என்று புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு விளக்க, நான் 'மைண்ட்' இருக்கும் பக்கத்தைத்தான் காட்டுகிறேன். ஏனெனில் 'மாற்றலாமா?' என்ற கேள்வி தமிழில் மனத்தில் ஓட, அவர்கள் வாயில் 'யெஸ்' வந்துவிடுகிறது.

அகராதி கைவிட்ட இடங்களும் உண்டு. திங்கட்கிழமை வந்த மடலில் 'நெக்ஸ்ட் ஃப்ரைடே' என்றிருந்தால், அது அந்த வாரத்து வெள்ளியா, அதற்கு அடுத்ததா? வரப்போகும் முதல் வெள்ளி என்பதே அகராதி தரும் பொருள். ஆனால் அந்த வாரத்து வெள்ளியை 'திஸ் ஃப்ரைடே' என்று சொல்லிவிட்டு, 'நெக்ஸ்ட்' என்பதை மறு வாரத்துக்கு வைத்துக்கொள்ளும் ஆங்கிலேயரும் பலர். நாமும் 'வர்ற வெள்ளி', 'அடுத்த வெள்ளி' என்று பிரித்துத்தானே பேசுகிறோம்? அந்தப் பழக்கத்தில் ஒரு முறை சாம்பிளை ஒரு வாரம் தாமதமாக கூரியரில் அனுப்பி, பையரின் தேர்வுக் கூட்டத்தையே தவறவிட்டோம்.

புதன்கிழமைக் கூட்டத்தை இரண்டு நாள் 'மூவ்ட் ஃபார்வர்ட்' செய்துவிட்டதாக வரும் செய்தி இதைவிடக் கடினமானது. உளவியல் ஆய்வாளர்கள் லெரா பொரோடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்கரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், அப்படியானால் கூட்டம் எந்தக் கிழமை என்று ஆங்கிலம் பேசுவோரிடமே கேட்டபோது, திங்கள் என்றும் வெள்ளி என்றும் இரண்டு விடைகளும் வந்தன. அவர்கள் கேட்ட ரயில் பயணிகளில், பயணத்தின் முடிவை நெருங்கியவர்கள் வெள்ளி என்று சொல்லும் போக்கு கூடுதலாக இருந்தது. 'இரண்டு நாள் முன்' என்றால் கடந்த காலம், 'முன்னே நட' என்றால் எதிரே உள்ள வழி என்று நம் 'முன்'னுக்கும் இரு திசைகள் இருப்பதால், எனக்கு இது வியப்பாகத் தோன்றவில்லை. 'பிராட் ஃபார்வர்ட்' என்றிருந்தால் முன்கூட்டியே நடக்கும் என்று அகராதி தெளிவாகச் சொல்லிவிடும். 'மூவ்ட்' என்று வந்தால் தேதியையும் கிழமையையும் சேர்த்தெழுதி, சரிதானா என்று கேட்டே பதில் அனுப்புகிறேன்.

இணையத்திலும் இந்த அகராதி இலவசமாகக் கிடைக்கிறது. அவசரத்துக்கு அதையும் பார்க்கிறேன். ஆனால் அங்கே ஒரே பக்கத்தில் வேறு அகராதிகளின் பதிவுகளும் கலந்து நிற்பதால், எது கோபில்ட் விளக்கம் என்று தேட வேண்டியிருக்கிறது. அச்சுப் பிரதியின் முதுகு இரு முறை பிரிந்து, பைண்டிங் செய்து வைத்திருக்கிறேன். 'கொய்ட்' இருக்கும் பக்கத்தின் ஓரத்தில் 'பிரிட்டன் – ஓரளவு, அமெரிக்கா – நிரம்ப' என்று நான் பென்சிலில் எழுதிய குறிப்பை, இப்போது என் பிரிவில் உள்ள எல்லோரும் வந்து பார்த்துப் போகிறார்கள்.