நிர்வாக சேவைக்குச் சுற்றாடல்: யூடியூபா, பாடநூலா, சட்டமா?

இலங்கை நிர்வாக சேவைப் பரீட்சைக்குத் தயாராகும் மலையகப் பிள்ளைகளின் போனைத் திறந்தால் பாதிக்கு மேல் இந்திய ஐஏஎஸ் வீடியோக்களும் தமிழ்நாட்டு அரசுப் பணித் தேர்வான டிஎன்பிஎஸ்சியின் பிடிஎஃப்களும்தான் இருக்கும். தமிழில் இருக்கிறது, இலவசம், சொல்லிக்கொடுப்பவர்களும் கெட்டிக்காரர்கள். ஹட்டனிலிருந்தோ பண்டாரவளையிலிருந்தோ கிழமைக்குக் கிழமை கொழும்பு வகுப்புக்குப் போய்வர எல்லார் வீட்டிலும் வசதி இல்லை. அதனால் யாரையும் குறை சொல்ல வரவில்லை. சுற்றாடல் பகுதிக்கு அந்தக் குறிப்புகள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதுதான் கேள்வி.

இந்தியக் குறிப்புகள் ஏன் அவ்வளவு தடிப்பாக இருக்கின்றன? 2013 முதல் அங்கே குடிமைப் பணிக்கும் வனப் பணிக்கும் முதல்நிலைத் தேர்வு ஒன்றுதான். நான்கு விடைகளில் ஒன்றைத் தெரிவு செய்யும் வினாக்கள். எனவே எந்த விலங்கு வனவிலங்குச் சட்டத்தின் எந்த அட்டவணையில், எந்தப் பூங்கா எந்த மாநிலத்தில் என்று பட்டியல் நீள்கிறது. நமக்குச் சுற்றாடல் தனி வினாத்தாள் இல்லை. அது பொது அறிவுக்குள்ளும், ஒரு பிரச்சினையைக் கொடுத்து அலசச் சொல்லும் வினாவுக்குள்ளும்தான் தலைகாட்டும். இந்தியாவின் காசிரங்கா பூங்காக் காண்டாமிருகத்தை உருப்போட்டு இங்கே ஒரு பிரயோசனமும் இல்லை.

ஒரு இடத்தில் மட்டும் இந்திய வீடியோக்களை மிஞ்ச ஆளில்லை: சர்வதேச உடன்படிக்கைகள். ஈரநிலங்களுக்கு ராம்சார் 1971, ஓசோனுக்கு மொன்றியல் 1987, அபாயகரமான கழிவு நாடு கடப்பதற்குப் பாசல் 1989, பூமி உச்சிமாநாடு நடந்த ரியோ 1992, காலநிலைக்குப் பாரிஸ் 2015 என்று வரிசையாக, தெளிவாக விளக்குகிறார்கள். கேட்டுவிட்டு உதாரணத்தை மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும். ராம்சாருக்கு 1990இல் சேர்ந்த நமது முதல் ஈரநிலமான புந்தல இருக்கிறது, மன்னாரில் வங்காலை இருக்கிறது. பாசலுக்கு இதைவிட நல்ல உதாரணம் வேண்டுமா? பிரித்தானியாவிலிருந்து வந்து கொழும்பில் கிடந்த கழிவுக் கொள்கலன்களை இலங்கை திருப்பி அனுப்பியது. கடைசித் தொகுதி போனது 2022இல்.

சட்டத்துக்கு வந்தால் அதே குறிப்பு ஆளைக் கவிழ்த்துவிடும். அங்கே வனவிலங்குச் சட்டம் 1972, சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் 1986, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கென்றே பசுமைத் தீர்ப்பாயம் 2010. இங்கே தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டினது. தேசிய சுற்றாடல் சட்டம் 1980இன் 47ஆம் இலக்கம். மத்திய சுற்றாடல் அதிகாரசபை 1981இல் வந்தது. பெரிய திட்டங்களுக்குச் சுற்றாடல் தாக்க மதிப்பீடு வேண்டும் என்ற ஏற்பாடு 1988 திருத்தத்தில் சேர்ந்தது. பசுமைத் தீர்ப்பாயம் போன்ற தனி மன்றம் நமக்குக் கிடையாது. எப்பாவலையில் பொஸ்பேட் அகழும் திட்டத்துக்கு எதிரான வழக்கு அடிப்படை உரிமை மனுவாகவே உயர் நீதிமன்றத்துக்குப் போய் 2000இல் தீர்ப்பானது. இரண்டு நாட்டுச் சட்டத்தையும் ஒரே கொப்பியில் எழுதி வைத்தால் பரீட்சை மண்டபத்தில் ஆண்டுகள் கலந்துவிடும். சட்டத்துக்குத் தனிக் கொப்பி போடுங்கள்.

அப்புறம் பாடநூல். சாதாரண தரம் முடிந்ததும் பழைய பேப்பர்காரரிடம் போட்ட அதே புத்தகம்தான். தரம் 11 விஞ்ஞானத்தில் உயிர்க்கோளம் பற்றிய அலகும் புவியியல் நூல்களும் சேர்ந்தால் அடித்தளத்துக்குப் போதும். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் தளத்தில் தமிழிலேயே இறக்கிக்கொள்ளலாம். பட்டதாரி ஆன பிறகு இதையா படிப்பது என்று வெட்கப்படுகிறார்கள், அதுதான் சிக்கல். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன் பக்கத்தை நனைக்கும்போது பதுளைப் பக்கம் ஏன் காய்கிறது என்பதை எந்த இந்தியக் காணொளியும் சொல்லித்தராது. தரமான தேயிலை காய்கிற காலத்தில்தான் வரும்: பதுளை இருக்கும் ஊவாவில் யூலையிலிருந்து செப்டெம்பர் வரை, ஹட்டன் பக்கத்துத் திம்புளையில் ஜனவரியிலிருந்து மார்ச் வரை. மலை மழையை மறிப்பதால் மறுபக்கம் காய்கிற மழைமறைவு என்ற பாடம் முழுக்க இந்த ஒரு விஷயத்தில் அடங்கிவிடும். கொழுந்தெடுக்கும் அம்மாவிடம் கேட்டாலும் சொல்வார்.

பாடநூலின் பலவீனம், அது நேற்று நடந்ததைச் சொல்லாது. 2021இல் கொழும்புக்கு அப்பால் கடலில் எக்ஸ்பிரஸ் பேர்ள் சரக்குக் கப்பல் எரிந்தது, அதே ஆண்டில் இரசாயன உர இறக்குமதிக்குத் தடை வந்து சில மாதங்களில் நீங்கியது. இவற்றுக்குப் பத்திரிகைதான்.

அலசல் வினாவுக்கு நமது மலையே போதும். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் வீடுகள் மண்ணுக்குள் போயின. மண்சரிவு அபாயத்தை மதிப்பிடுவது தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். ஆனால் நிலம் ஒருவருடைய பொறுப்பில், வீடு இன்னொருவருடைய பொறுப்பில், குடியிருப்பவருக்குக் காணி உறுதி இல்லை. எச்சரிக்கை வந்தால் எங்கே போவது? இதை வெறும் இயற்கை அனர்த்தம் என்று எழுதுபவரும், நிர்வாகச் சிக்கலாகப் பிரித்து எழுதுபவரும் ஒரே புள்ளி வாங்க மாட்டார்கள். சிறுத்தையும் அப்படித்தான். 2020இல் நல்லதண்ணிப் பக்கம் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிப் பொறியில் சிக்கி, பிறகு இறந்தது. சட்டம், மரக்கறித் தோட்டம், காட்டுப்பன்றி, தோட்ட வாழ்க்கை எல்லாம் அந்த ஒரு பொறிக்குள் வந்துவிடுகின்றன.

வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அங்கே கொடுக்கும் டியூட் என்ற அச்சுக் குறிப்பு பெரும்பாலும் பாடநூலின் சுருக்கம்தான். விடை எழுதவைத்துத் திருத்தித் தருகிற வகுப்பென்றால் காசு கொடுக்கலாம், வாசித்துக் காட்டுகிற வகுப்பென்றால் வேண்டாம்.

மூன்று மாதம் கையில் இருந்தால் முதல் மாதம் பாடநூல், இரண்டாவது சட்டங்களும் பத்திரிகையும். உடன்படிக்கை வீடியோக்களை பஸ்ஸில் கேட்கலாம். மூன்றாவது மாதம் முழுக்க எழுத்துத்தான்.