ஜிசி லாகா, ஹீப் டம்பா? பில்ட் சர்வர் விழுந்தால் எதை முதலில் பார்ப்பது

வேலூர் சத்துவாச்சாரியில் எங்கள் அலுவலகம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்து ஷூ கம்பெனிகளுக்கு ஸ்டாக், பில்லிங் மென்பொருள் எழுதித் தருகிறோம். மூலையில் 8 ஜிபி ராம் உள்ள பழைய பெட்டி ஒன்றில் ஜென்கின்ஸ் ஓடுகிறது; எங்கள் கோடைத் தானாகத் தொகுத்துத் தரும் ஜாவா மென்பொருள், அதுதான் எங்கள் பில்ட் சர்வர். மே மாத மத்தியானத்தில் அது நின்றுபோனால் எல்லோரும் முதலில் ஏ.சி.யைத்தான் திட்டுவோம். வேலூர் வெயிலுக்கு அந்தப் பெயர் உண்டே. இந்த முறை வெயில் காரணமில்லை, மெமரி தீர்ந்திருந்தது.

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வைத்தியம், எக்ஸ்எம்எக்ஸ் அளவை, அதாவது ஜாவா புரோகிராம் தன் ஆப்ஜெக்ட்களை வைக்கும் ஹீப் மெமரியின் உச்ச வரம்பை, ஏற்றுவது. 4 ஜிபியை 6 ஆக்கினோம். முன்பு இரண்டு நாளுக்கு ஒரு முறை விழுந்தது, இப்போது தினமும் விழுந்தது! லாகில் 'அவுட் ஆஃப் மெமரி எரர்' என்ற வரியே இல்லை. வெளியேறிய குறியீடு 137 என்று மட்டும் இருந்தது. 128உடன் 9ஐக் கூட்டினால் வருவது அது. 9 என்றால் சிக்கில் என்ற கொல்லும் சிக்னல், அதாவது வெளியிலிருந்து யாரோ கொன்றிருக்கிறார்கள். டிமெஸ்ஜி (லினக்ஸ் கர்னலின் பதிவு) எடுத்துப் பார்த்தால், மெமரி தீரும்போது ஏதாவது ஒரு புரோகிராமைக் கொல்லும் லினக்ஸின் ஓஓஎம் கில்லர். அதே பெட்டியில் ஓடும் ஒவ்வொரு கிரேடில் (பில்ட் செய்யும் கருவி) பில்டுக்கும் தனி ஜேவிஎம் (ஜாவா புரோகிராமை ஓட்டும் மென்பொருள்), ஆளுக்கு 2 ஜிபி. இரண்டு பில்ட் சேர்ந்து ஓடினால் 6+2+2, பெட்டியில் இருப்பதோ 8. ஜென்கின்ஸை 3 ஜிபிக்கு இறக்கி, ஒரு நேரத்தில் ஒரே பில்ட் என்று வைத்ததும் அந்தச் சாவு நின்றது. ஆக, எக்ஸ்எம்எக்ஸை ஏற்றுவதை நான் வைத்தியமாகவே எண்ணுவதில்லை. சில சமயம் அதுவே நோய்.

சில வாரம் கழித்து 'ஜாவா ஹீப் ஸ்பேஸ்' என்ற வரி, அதாவது ஹீப்பே நிறைந்துவிட்டது என்ற எரர், நிஜமாகவே வந்தது. கருவிகளை ஒப்பிட வேண்டி வந்தது அப்போதுதான்.

ஜிசி லாகுக்கு, அதாவது வேண்டாத ஆப்ஜெக்ட்களைத் துடைக்கும் ஜிசியின் பதிவுக்கு, செலவு கிட்டத்தட்ட இல்லை. ஜாவா 9க்குப் பிறகு எக்ஸ்லாக் என்ற ஒரே ஆப்ஷன் போதும், எப்போதும் ஓடவிடலாம். அதில் உச்சத்தைப் பார்த்துப் பயப்படக் கூடாது. மழை கொட்டும்போது ஏரி மட்டத்தை அளந்து என்ன பயன்? முழு ஜிசி முடிந்த பிறகு எவ்வளவு மிச்சம் நிற்கிறது என்பதுதான் கணக்கு. அந்த அடிமட்டம் நாளுக்கு நாள் ஏறினால் கசிவு, அதாவது வேலை முடிந்தும் விடாத மெமரி. ஏறாமல் உச்சம் மட்டும் எகிறினால் வேலைச் சுமை. எங்களுக்கு அடிமட்டம் ஏறியது. ஆனால் கசியவிடுவது யார் என்று இந்த லாக் சொல்லாது.

அதைச் சொல்வது ஹீப் டம்ப், ஹீப்பில் இருப்பதை முழுதாக எழுதிய கோப்பு. எக்லிப்ஸ் மேட் என்ற கருவியில் திறந்து டாமினேட்டர் மரத்தைப் பார்த்தால், எந்த ஆப்ஜெக்ட் எவ்வளவு மெமரியைப் பிடித்து வைத்திருக்கிறது என்று தெரியும். விலைதான் அதிகம். எழுதி முடியும்வரை ஜேவிஎம் உறைந்து நிற்கும், ஹீப் நிறைந்திருந்தால் கோப்பும் ஏறக்குறைய அதே அளவுக்கு வரும், அதைத் திறக்க லேப்டாப்பிலும் தாராளமாக ராம் வேண்டும். ஓஓஎம் கில்லர் கொன்றால் டம்பே விழாது. சிக்கில் வந்த பிறகு எழுத நேரமேது?

இரண்டுக்கும் நடுவில் ஒன்று இருக்கிறது, அதிகம் பேர் கண்டுகொள்வதில்லை: ஜேசிஎம்டி என்ற ஜாவா கட்டளை வழியாக எடுக்கும் கிளாஸ் ஹிஸ்டோகிராம், எந்த கிளாஸில் எத்தனை ஆப்ஜெக்ட் என்ற பட்டியல். எங்கள் 3 ஜிபி ஹீப்புக்குச் சில நொடிதான் ஆனது. மேலே பைட் அரேயும் ஸ்ட்ரிங்கும்தான் நிற்கும், அவற்றை விட்டுவிடலாம். காலை, மதியம், மாலை என்று மூன்று எடுத்து, கீழே எந்த கிளாஸ் வளர்ந்துகொண்டே போகிறது என்று பார்க்க வேண்டும். எங்களுக்கு ஜென்கின்ஸில் சேர்த்திருந்த ஒரு பிளகினின் கிளாஸ் மாட்டியது. யார் அதை விடாமல் பிடித்திருக்கிறார் என்று அறிய மட்டும் ஒரு டம்ப் எடுத்தோம். அந்த பிளகின், முடிந்த பில்டுகளின் லாக் வரிகளை, தானாகக் காலியாகாத ஒரு ஸ்டாடிக் மேப்பில் சேர்த்தபடியே இருந்தது.

ஓடும் ஜேவிஎம்மைப் பதிவு செய்யும் ஜாவா ஃப்ளைட் ரெக்கார்டரும் நல்லதுதான், ஜாவா 11இலிருந்து இலவசம். இந்தச் சின்னப் பெட்டிக்கு அதுவரை போக வேண்டியிருக்கவில்லை.

"அண்ணா, டம்பை டிரைவ்ல போட்டு பிளகின் எழுதினவருக்கு அனுப்பிடட்டுமா?" என்று தம்பி ஒருவன் கேட்டான். வேண்டாம்டா என்றேன். ஜென்கின்ஸ் மெமரியில் இருந்த பாஸ்வேர்டு, டோக்கன் எல்லாம் அந்தக் கோப்பில் அப்படியே இருக்கும். ஹிஸ்டோகிராமில் கிளாஸ் பெயரும் எண்ணிக்கையும் பைட் அளவும் மட்டும்தான். அதை அனுப்பினோம்.