டிசெபிலிட்டி பென்ஷன் அப்பீல் போட்டுத் தருகிறேன் என்று வருபவர்களிடம் ஜாக்கிரதை

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, டிசெபிலிட்டி பென்ஷன் (பணியால் வந்த உடல் பாதிப்புக்குத் தரும் ஓய்வூதியம்) மறுக்கப்பட்டிருக்கும் அண்ணன் தம்பிகள் இதைப் படித்துவிட்டு உங்கள் ரெஜிமெண்ட் ஆட்களுக்கும் அனுப்புங்கள். அப்பீல் போட்டுத் தருவதாகச் சொல்லி ஒருவர் என் பணத்தையும் ஒரிஜினல் பேப்பர்களையும் வாங்கிக்கொண்டு என்ன செய்தார் என்பதை எழுதுகிறேன். போலீஸில் புகார் கொடுத்திருப்பதால் பெயர் போடவில்லை.

எனக்கு ரத்தக் கொதிப்பு. பட்டாளத்தில் சேரும்போது கிடையாது, காஷ்மீரில் ஃபீல்டு (களப் பணி) முடித்து பீஸ் ஸ்டேஷனுக்கு (போர்ச் சூழல் இல்லாத இடத்துக்கு) வந்த பிறகு கண்டுபிடித்தார்கள். பணியிலிருந்து விடுவிக்கும்போது உடலைப் பரிசோதிக்கும் ரிலீஸ் மெடிக்கல் போர்டு, பாதிப்பு 30 சதவீதம், ஆயுள் முழுக்க என்று போட்டுவிட்டு, கூடவே ‘பணியால் வந்ததும் இல்லை, பணியால் கூடியதும் இல்லை, பீஸ் ஏரியாவில் தொடங்கியது’ என்றும் எழுதிவிட்டது. அந்த ஒரு வரியை வைத்துத்தான் பென்ஷனை மறுத்தார்கள். ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போடலாம் என்று நம் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் ரெக்கார்ட் ஆபீஸின் கடிதத்தில் இருந்தது.

அந்த நேரத்தில்தான் இவர் அறிமுகமானார். ரெக்கார்ட் ஆபீஸில் ஆள் இருக்கிறது, முப்பதை ஐம்பதாக்கித் தருகிறேன், அந்த வழி எனக்குத்தான் தெரியும் என்றார். முன்பணம் தனி, அரியர் (பழைய பாக்கி) வந்தால் அதில் நாலில் ஒரு பங்கு. டிஸ்சார்ஜ் புக், மெடிக்கல் போர்டு பேப்பர் எல்லாம் ஒரிஜினலாகவே வேண்டும் என்று வாங்கிக்கொண்டார், சில வெற்றுத் தாள்களில் கையெழுத்தும் வாங்கினார். அப்புறம் எப்போது கேட்டாலும் ஒரே பதில்தான், “போட்டாச்சு சார், ஃபைல் மூவ் ஆகுது.”

கடைசியில் ரெக்கார்ட் ஆபீஸுக்கு நானே தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். பத்து ரூபாய் போஸ்டல் ஆர்டர், அவ்வளவுதான் செலவு. பதிலோடு என் பெயரில் போன அப்பீலின் நகலும் வந்தது. மேலே என் பெயர், என் ஆர்மி நம்பர். கீழே படித்தால் டாங்க் சத்தத்தில் காது கேட்காமல் போன யாரோ ஒருவருடைய கதை! நான் காலாட்படை, டாங்க் பக்கமே போனதில்லை. ரத்தக் கொதிப்பு என்ற வார்த்தை ஒரு இடத்தில்கூட இல்லை. அதுவும் ஆறு மாதம் முடிந்த பிறகுதான் போயிருக்கிறது, காலம் கடந்தது என்று அவர்கள் திருப்பி அனுப்பிய கடிதம் அந்த ஆளின் முகவரிக்கே போயிருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. பேப்பரைத் திருப்பிக் கேட்டால் அதற்கும் பணம் கேட்டார். புகார் கொடுத்த பிறகுதான் டிஸ்சார்ஜ் புக் கைக்கு வந்தது.

அவர் விற்றது எல்லாமே சட்டத்தில் ஏற்கெனவே நமக்கு இருப்பதுதான். 30 என்பது 50 ஆவது யாருடைய செல்வாக்காலும் அல்ல. பென்ஷனுக்குத் தகுதி உண்டு என்று முடிவானால் 50-க்குக் கீழே உள்ளதை 50 ஆகக் கணக்கிட வேண்டும், முழு சர்வீஸ் முடித்து வந்தவர்களுக்கும் அது உண்டு என்று 2014-இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும், இல்லை என்று நிரூபிப்பது ராணுவத்தின் பொறுப்பு என்று 2013-இல் தரம்வீர் சிங் தீர்ப்பு இருக்கிறது. என் அப்பீலில் முதல் வரியாக வந்திருக்க வேண்டிய விஷயம் இது. (2023 செப்டம்பர் 21-க்குப் பிறகு வெளியே வந்தவர்களுக்குப் புது விதிகள், அவர்கள் அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.)

இன்னொன்று, வழக்கில் வரும் தொகையில் பங்கு கேட்பது வக்கீலுக்கே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. வக்கீல்கூட இல்லாத ஒருவர் சதவீதம் பேசினால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். ஸ்பர்ஷ் (ராணுவ பென்ஷன் இணையதளம்) பாஸ்வேர்டு, ஓடிபி கேட்டாலும் அப்படியே. அப்பீலை வரிக்கு வரி படித்துவிட்டு, உங்கள் முகவரி போட்டு, நீங்களே பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரிஜினல் வீட்டை விட்டுப் போகக் கூடாது, நகல் போதும்.

கணவரை இழந்த சகோதரிகளிடம் இந்த ஆட்கள் இன்னும் அதிகமாகப் போகிறார்கள், அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வக்கீல் இலவசம். தெரிந்தவர்களிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

காலம் கடந்துவிட்டதே என்று விட்டுவிடவும் வேண்டாம். பென்ஷன் மாதாமாதம் வர வேண்டியது என்பதால் தாமதமாகப் போனாலும் கேட்கலாம், ஆனால் அரியர் பொதுவாக மூன்று வருடத்தோடு நின்றுவிடும் என்று 2008-இல் தர்சேம் சிங் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். அதனால் தள்ளிப்போடப் போட நஷ்டம் நமக்குத்தான். நான் இப்போது தாமதத்துக்கான காரணத்தோடு சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் மனு போட்டிருக்கிறேன், அந்த டாங்க் அப்பீல் நகலையும் சேர்த்தே கொடுத்திருக்கிறேன். அங்கே வக்கீல் இல்லாமல் நாமே நேரில் பேசவும் சட்டத்தில் இடம் உண்டு. இதே மாதிரி வேறொருவருடைய கதை உங்கள் பெயரில் போயிருந்தால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்து புகார் கொடுக்கலாம்.