என்.எஸ்.எஸ்., ஐக்கஃப், வின்சென்ட் தே பவுல்: சனிக்கிழமை மதியம் யாருக்கு?

சித்தி மகள் இந்த ஜூனில் ஒரு கத்தோலிக்கக் கல்லூரியில் பி.காம். சேர்ந்திருக்கிறாள். முதல் வாரமே மாணவர் சேவை, பக்தி அமைப்புகள் எல்லாம் வராந்தாவில் வரிசையாக மேஜை போட்டு ஆளுக்கொரு படிவம் நீட்டியிருக்கிறார்கள். "அக்கா, எதுல பேர் குடுக்கட்டும்? எல்லாத்துலயும் சேர்ந்து தொலையாதேன்னு அம்மா திட்டுறாங்க" என்று கேட்டாள். நான் அனுப்பிய குரல் செய்தி பதினோரு நிமிடம் ஓடியது. பாவம், பாதியில் நிறுத்தியிருப்பாள். அதைத்தான் இங்கே கொஞ்சம் ஒழுங்காக எழுதுகிறேன்.

2016 முதல் 2019 வரை நான் படித்ததும் இப்படி ஒரு கல்லூரிதான், விடுதியில் தங்கி. முதல் இரண்டு வருடம் என்.எஸ்.எஸ். என்கிற நாட்டு நலப்பணித் திட்டம், இரண்டாம் செமஸ்டரிலிருந்து கடைசி வரை ஏழைகளின் வீட்டுக்குப் போய்ப் பார்க்கிற வின்சென்ட் தே பவுல் சபை. அதனால் தராசு எந்தப் பக்கம் சாயும் என்று இப்போதே தெரிந்திருக்கும்.

பாடகர் குழுவை முதலில் முடித்துவிடலாம். குரல் இருந்தால் சேருங்கள். வாரம் ஒரு பயிற்சி, முதல் வெள்ளித் திருப்பலி, தவக்காலத்தில் மூச்சு விட நேரமிருக்காது, கிறிஸ்துமஸ் கேரல் சுற்றுக்குப் போனால் வீட்டுக்கு வீடு கேக். எனக்குக் குரல் இல்லை. கட்டாயமாகப் போகவேண்டிய கிராமப் பணியையும் இதில் சேர்க்கவில்லை. திருச்சி புனித வளனார் கல்லூரியில் 'ஷெப்பர்டு' என்று அதற்கென ஒரு விரிவாக்கத் துறையே இருப்பதுபோல, பல கல்லூரிகளில் அது பாடத்திட்டத்தோடு சேர்ந்தே வரும். தப்பிக்க முடியாததை எதற்கு ஒப்பிடுவது?

என்.எஸ்.எஸ். கல்லூரியின் சொந்தச் சரக்கு அல்ல. காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று மத்திய அரசு தொடங்கியது. எந்த மதத்தவரும் சேரலாம். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் சிறப்பு முகாம், முடிவில் சான்றிதழ். விடுதிப் பெண்ணுக்கு இதில் பெரிய வசதி, வெளியே போக வார்டனிடம் கெஞ்ச வேண்டாம். திட்ட அலுவலர் பட்டியல் கொடுத்துவிடுவார், கேட் திறந்துவிடும்.

முகாம் எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்லக் கூடாது. பள்ளிக்கூடத்துத் தரையில் படுத்தோம், அண்டாவில் ரசம் வைத்தோம், ஊருணிக் கரையில் சீமைக்கருவேலம் வெட்டினோம். கை கொப்பளித்துப் போய் அதைப் படமெடுத்து எல்லோருக்கும் அனுப்பினேன். ஏழாம் நாள் நிறைவு விழா, சால்வை, குழுப்படம், பேருந்து. ஒன்றரை வருடம் கழித்து ஒரு கல்யாணத்துக்குப் போகும் வழியில் அதே ஊருணியைப் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தேன். கருவேலம் தளிர்த்து ஆள் உயரம் நின்றது. தூரோடு பிடுங்காமல் வெட்டினால் அது அப்படித்தான் வரும் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். எட்டாம் நாள் அங்கே இருந்திருந்தால் நாங்களும் கேட்டிருப்போம்.

என் கணக்கு முழுக்க இந்த எட்டாம் நாளில்தான் நிற்கிறது.

வின்சென்ட் தே பவுல் சபை என்றால் பங்குக்கோயிலில் வயதானவர்கள் அரிசி கொடுப்பது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதைத் தொடங்கியதே ஒரு கல்லூரி மாணவர். 1833-ல் பாரிஸில், சோர்போனில் படித்துக்கொண்டிருந்த ஃபிரெடெரிக் ஓசானாமும் நண்பர்களும். அப்போது ஓசானாமுக்கு வயது 20. ஏழைகளின் வீட்டுக்கு எப்படிப் போவது என்று அவர்களுக்குப் பழக்கிக்கொடுத்தவர் ரோசலி ரெந்து என்ற சிஸ்டர். முறை இன்றைக்கும் ஏறக்குறைய அதேதான். வாரம் ஒரு கூட்டம், செபம், போன வாரம் போன வீட்டைப் பற்றிய அறிக்கை, யார் எவ்வளவு போட்டார் என்று தெரியாதபடி ஒரு மூடிய பை சுற்றி வரும். பிறகு இரண்டிரண்டு பேராக, அதே வீட்டுக்கு.

எனக்கும் வணிகவியல் தோழிக்கும் வந்தது கல்லூரிக்குப் பின் சந்தில் தனியாக இருந்த ஒரு பாட்டி. முதல் சனிக்கிழமை ஐந்து கிலோ அரிசிப் பையோடு போய் நின்றோம். "அரிசி எதுக்கு பாப்பா? அதான் ரேசன்ல சும்மா தர்றானே" என்றார். 2011-லிருந்து விலையில்லா அரிசி கிடைக்கும் மாநிலத்தில் நாங்கள் பை தூக்கிக்கொண்டு போயிருக்கிறோம். "இந்த மாத்தர அட்டயில எது காலையில, எது ராத்திரினு சொல்லு" என்று நீட்டினார். இரண்டு அட்டையும் ஒரே வெள்ளை. காலை மாத்திரை அட்டையில் சேவலும் ராத்திரி அட்டையில் பிறையும் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்து கொடுத்தோம். சேவல் வாத்து மாதிரி இருக்கிறது என்று அதற்கும் ஒரு குறை.

இன்டெர்னல் தேர்வு வந்தது. மூன்று வாரம் போகவில்லை, சொல்லவும் இல்லை. நாலாவது வாரம் போனபோது எங்களுக்காக வாங்கி வைத்திருந்த மாரி பிஸ்கட் பாக்கெட்டில் எறும்பு. "வரலைன்னா வரலைன்னு சொல்லிட்டுப் போங்க. வாசல்ல குந்திக் குந்தி இடுப்பு போச்சு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். என்.எஸ்.எஸ்.ஸில் மணி நேரம் குறைந்தால் சான்றிதழ் வராது, அவ்வளவுதான். இங்கே குறைந்தது அந்த அம்மாவின் மூன்று சனிக்கிழமை.

ஆகவே சேருகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, விடுமுறையில் யார் போவது என்பதை. ஏப்ரல், மே இரண்டு மாதம் விடுதி காலி. நாங்கள் பட்டபின் கண்டுபிடித்த வழி, ஜோடியில் ஒருத்தி விடுதிப் பெண், இன்னொருத்தி வீட்டிலிருந்து வருகிறவள். கோடையில் அவள் தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டாவது எட்டிப் பார்த்துவிடுவாள். மூன்றாம் வருடத்தில் டிசம்பருக்குள் ஒரு ஜூனியரைக் கூட்டிப்போய்ப் பழக்கிவிட வேண்டும். மார்ச்சில் கொண்டுபோய் நிறுத்தினால் பாட்டி அவளிடம் வாயே திறக்கமாட்டார். அப்புறம் அவுட்பாஸ், அதாவது விடுதியை விட்டு வெளியே போகிற அனுமதிச் சீட்டு. பொறுப்பாளர் சிஸ்டர் வாராவாரம் கையெழுத்துப் போடுகிறவராக இருந்தால் சபை ஓடும், இல்லையென்றால் காகிதத்தில்தான் இருக்கும்.

இனி ஐக்கஃப். 1924-ல் வேர்விட்ட கத்தோலிக்க மாணவர் இயக்கம், சென்னை ஸ்டெர்லிங் சாலையில் அதன் இல்லம் இருக்கிறது. பிரான்ஸிலிருந்து வந்து சென்னையிலேயே 2012-ல் மறைந்த தந்தை செராக் ஒரு காலத்தில் இதன் தேசிய ஆன்ம ஆலோசகர். நான் உறுப்பினர் இல்லை; நாலைந்து கூட்டத்துக்கும் ஒரு பயிற்சி முகாமுக்கும் போனதை வைத்துச் சொல்கிறேன். சாதி, நிலம், பெண் என்று ராத்திரி பதினொன்று வரை சண்டை. வகுப்பில் வாயே திறக்காதவள் அங்கே மைக்கைப் பிடித்து விடமாட்டாள். எனக்கு அப்போது பேச்சு அதிகம், கால் நடப்பது குறைவு என்று ஓர் இளக்காரம் இருந்தது.

பாட்டியின் முதியோர் உதவித்தொகை நின்றதும் அந்த இளக்காரம் கொஞ்சம் ஆடிப்போனது. அப்போது மாதம் 1,000 ரூபாய் (2023-ல்தான் 1,200 ஆனது). நாற்பது வருடம் சித்தாள் வேலை பார்த்த விரல், கருவியில் ரேகை விழவில்லை. நாங்கள் செய்தது மூடிய பைப் பணத்திலிருந்து மாதம் 300 ரூபாய் கொடுத்தது. ஐக்கஃப்பில் இருந்த அறைத் தோழி கேட்டாள்: "சந்துல இன்னும் எத்தன பேருக்கு நின்னிருக்கு?" எங்களுக்குத் தெரியவில்லை. மூன்று மாதமாக வாராவாரம் அந்தச் சந்தில் நடந்திருக்கிறோம், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியதில்லை. தட்டினோம். ஏழு பேர். அவள்தான் மனு எழுதினாள், திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் நாளில் வகுப்பை வெட்டிவிட்டு வரிசையில் நின்றோம். நாலு நடைக்குப் பிறகு ஐந்து பேருக்கு வந்தது, பாட்டிக்கும்.

இதைச் சொன்னதும் "அப்ப ஐக்கஃப்தானே பெஸ்ட்?" என்று சித்தி மகள் மடக்கினாள். நியாயமான கேள்வி. ஆனால் உதவித்தொகை நின்றதைப் பாட்டி எங்களிடம் சொல்லவே ஐந்து வாரம் ஆனது. முதல் முறை வருகிறவர்களிடம் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார். போகிற வீடு ஒன்று இருந்ததால்தான் கேள்வி கேட்கவும் இடம் கிடைத்தது. ஐக்கஃப்பில் சேர்ந்தாலும் சரி, வாரம் ஒரு வீட்டை வைத்துக்கொண்டு சேர் என்றேன். மரியாயின் சேனை என்ற இன்னொரு கத்தோலிக்க அமைப்பிலும் இரண்டிரண்டு பேராக வாராவாரம் போகிறார்கள். அதில் இருந்தவர்கள்தான் எழுத வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் பாடகர் குழுவில் பெயர் கொடுத்திருக்கிறாள். பயிற்சி வியாழக்கிழமையாம். சனிக்கிழமை மதியம் என்ன செய்கிறாள் என்று இன்னும் கேட்கவில்லை.