தேவனாம்பட்டினமா, பிச்சாவரமா?

கல்லூரியில் ஆறு பேர் சேர்ந்து எட்டு நிமிட நிலக்காட்சிப் படம் ஒன்றை எடுத்தோம். மனிதர் யாரும் பேசாத படம்; நிலம் மட்டுமே பேச வேண்டும். பாதியைத் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையிலும், பாதியைப் பிச்சாவரத்திலும் எடுத்ததால் இரண்டின் அருமையும் தெரியும்.

கடற்கரை எளிது. கடலூர் பஸ் நிலையத்திலிருந்து ஆட்டோவில் போய்விடலாம். கிழக்குக் கரை என்பதால் சூரியன் கடலிலிருந்தே எழும். முக்காலியில் கேமராவை நிறுத்திவிட்டுக் காத்திருந்தால் போதும். காற்றுதான் பகை. மைக்கில் அலையோசையைவிட இரைச்சலே அதிகம் பதிந்தது.

பிச்சாவரம் அப்படியல்ல. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே சுமார் 1,100 ஹெக்டேரில் விரிந்த அலையாத்திக் காடு அது. படகில் முக்காலி உதவாது. படகு அசைந்தால் காட்சியும் அசையும். முதல் நாள் எடுத்தவை அத்தனையும் வீண். மறுநாள் படகோட்டி அண்ணன் துடுப்பைச் சேற்றில் ஊன்றிப் படகை வேர்களோடு அணைத்து நிறுத்தினார். "தண்ணீர் இறங்கட்டும் தம்பி, அப்போது எடுங்கள்" என்றார். ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தோம். சுரபுன்னை வேர்களில் ஈரக்கோடு விரலளவு இறங்கியது. அந்தக் கோட்டின் மேல் ஒரு சிறு நண்டு ஏறி வந்து நின்றது.

ஒரே நாள்தான் கையில் இருந்தால் கடற்கரைக்குப் போங்கள். இரண்டு நாள் கிடைத்தால், தயங்காமல் பிச்சாவரம். படத்தொகுப்பில் கடற்கரைக் காட்சிகளைப் பலமுறை வெட்டினோம். நண்டு நின்ற 40 விநாடியில் யாரும் கை வைக்கவில்லை.