மாத்திரையா, மையமா, கூட்டமா? குடியை விடும் வழிகளை அருகருகே வைத்துப் பார்த்தால்

குடியை விட நினைக்கிறவரைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்தால் நாலு வழி சொல்வார்கள். "மனசு வைத்தால் நாளைக்கே விடலாம்" என்பார் ஒருவர். "ஒரு மாசம் மறுவாழ்வு மையத்தில் சேர்த்துவிடுங்கள்" என்பார் இன்னொருவர். மூன்றாமவருக்கு மாத்திரை மேல்தான் நம்பிக்கை. நாலாமவர் ஏ.ஏ. (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்) என்ற, குடியை விட நினைக்கிறவர்கள் ஒருவருக்கொருவர் துணையாகக் கூடும் கூட்டத்தால் மீண்டவர், வேறு எதையும் காது கொடுத்துக் கேட்கமாட்டார். என் அண்ணன் இந்த நாலையும் ஒரு சுற்று சுற்றி வந்தவர். கூடவே அலைந்தவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதல் போட்டி, தானாக நிறுத்துவதற்கும் மருத்துவர் துணையோடு நிறுத்துவதற்கும். தினமும் குடிக்கிறவர் விஷயத்தில் இதைப் போட்டி என்று சொல்வதே தப்பு. அண்ணன் ஒருமுறை வைராக்கியமாக, யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினார். மறுநாள் காலை தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அப்படியும் பாதித் தண்ணீர் சட்டையில்தான். "ஒண்ணுமில்லடா, தூக்கமில்ல, அவ்வளவுதான்" என்றார். நாங்களும் நம்பினோம். அன்று இரவே வலிப்பு வந்துவிட்டது.

மூளை பல வருஷமாக மதுவின் மந்தத்தை ஈடுகட்டத் தன்னை முடுக்கியே வைத்திருக்கும். திடீரென்று மது நின்றால் அந்த முடுக்கம் மட்டும் மிஞ்சும். கடைசியாகக் குடித்து 6 மணி நேரத்திலேயே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வரும். இல்லாததைப் பார்த்துப் பேசுவது, நாள் கிழமை தெரியாமல் குழம்புவது எல்லாம் 2-ஆம் நாளிலிருந்து 4-ஆம் நாளுக்குள். இந்தக் கடைசிக் கட்டம் உயிரையே எடுக்கக்கூடியது. மருத்துவமனையில் நரம்பைத் தணிக்கிற டயசெபாம் வகை மருந்தைக் கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள், கூடவே தயமின் என்கிற பி1 வைட்டமின். சில நாள் வேலைதான். எப்போதாவது குடிப்பவர் தானாக நிறுத்தட்டும், பாதகமில்லை. காலையில் கண் விழித்ததும் கை பாட்டிலைத் தேடுகிறவர் அப்படிச் செய்யக் கூடாது.

ஹெராயின் போன்ற ஓபியாய்டு (அபின் வகை) போதையில் கணக்கு தலைகீழ். நிறுத்தும்போது படும் பாடு பயங்கரம், ஆனாலும் அதில் உயிர் போவது அரிது. ஆபத்து பிறகுதான் வரும். சில வாரம் விட்டிருந்த உடம்பு பழைய அளவைத் தாங்காது. மறுபடி அதே அளவு எடுத்தவர் மூச்சு நின்று போய்விடுகிறார். அதனால் இங்கே உடம்பைச் சுத்தம் செய்து அனுப்புவதைவிட அதே வகையைச் சேர்ந்த மெத்தடோன், புப்ரினார்பின் மருந்துகளைத் தொடர்ந்து கொடுப்பதே உயிரைக் காப்பாற்றுகிறது. "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" என்று கேட்பவர்கள் உண்டு. அளந்து கொடுத்த மருந்தைச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போய்த் திரும்புகிறவரைப் பார்த்தால் அந்தக் கேள்வி எழாது.

சரி, மையத்தில் தங்கிச் சிகிச்சை பெறுவதா, வீட்டிலிருந்தே வந்து போவதா? மையத்தின் பலம் ஒன்றே ஒன்று: கடை இல்லை, கூட்டாளி இல்லை, சம்பள நாள் இல்லை. அதன் பலவீனமும் அதுவே. வியட்நாமிலிருந்து 1971-இல் திரும்பிய அமெரிக்கச் சிப்பாய்களை லீ ராபின்ஸ் என்பவர் ஆராய்ந்தார். அங்கே ஹெராயினுக்கு அடிமையாகியிருந்தவர்களில், ஊர் திரும்பிய முதல் ஆண்டில் மறுபடி அடிமையானவர்கள் 5 சதவீதம் அளவுதான். போதை இருந்த இடம் பின்னால் போய்விட்டது, வீடு புது இடமாக இருந்தது. மையத்துக்குப் போகிறவருக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். சுத்தமாக இருப்பது வெளியூரில், திரும்பி வருவது குடித்த அதே தெருவுக்கு.

அண்ணன் மையத்தில் இருந்த நாட்களில் நாங்கள் நிம்மதியாகத் தூங்கினோம். உண்மையைச் சொன்னால் அந்தப் பணத்தில் பாதி எங்கள் தூக்கத்துக்குக் கொடுத்தது. வீட்டுக்கு வந்த 4-ஆம் மாதம் மறுபடி ஆரம்பித்தார். அந்த மையம் வெளியே அனுப்பிய நாளோடு சரி, அதன் பிறகு ஒரு போன் கூட இல்லை. ஆகவே மையத்தைத் தேர்ந்தெடுக்கிறவர்கள் கட்டடத்தையும் தோட்டத்தையும் பார்க்க வேண்டாம். "வெளியே வந்தபின் எத்தனை மாதம் பார்ப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக இருந்தால் வேறு இடம் பாருங்கள். பூட்டி வைக்கிற, அடிக்கிற இடங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம், அது சிகிச்சையே இல்லை. வீட்டில் ஆதரவும், காப்பாற்றிக்கொள்ள வேண்டிய வேலையும் உள்ளவருக்கு வந்து போகிற சிகிச்சையே பெரும்பாலும் போதும். வீடே குடிக்கிற இடமாக இருந்தால் தங்கும் மையம்.

மாத்திரைகளில் அதிகம் பேர் கேள்விப்பட்டது டைசல்ஃபிரம். 1951-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மது கல்லீரலில் அசிட்டால்டிஹைடு என்ற நச்சாக மாறி, பிறகு அதுவும் உடைய வேண்டும். அந்த இரண்டாவது வேலையை இது தடுத்துவிடும். மாத்திரை போட்டவர் குடித்தால் முகம் சிவக்கும், நெஞ்சு படபடக்கும், வாந்தி வரும். மாத்திரையை நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட இந்த விளைவு இருக்கலாம். பயத்தில் ஓடுகிற மருந்து இது. தானே கேட்டு வாங்கி, மனைவி கண்முன் விழுங்குகிறவருக்கு நன்றாக வேலை செய்கிறது. மற்றவர்கள் கன்னத்தில் ஒதுக்கிவிட்டுத் துப்புவார்கள். அண்ணன் துப்பிய மாத்திரைகளை ஜன்னலுக்கு வெளியே நான் எண்ணியிருக்கிறேன், ஒன்பது. அவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்துவிடலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். தெரியாமல் குடிக்கிறவருக்கு ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

நால்ட்ரெக்சோன் வேறு ரகம். குடித்தால் கிடைக்கிற சுகத்தின் கூர்மையை மழுக்கும், குடிக்கும் ஆசையைத் தணிக்கும். முழுதாக நிறுத்தாதவர்கூடத் தொடங்கலாம். அளவைக் குறைக்க நினைப்பவருக்கும் உதவும். ஓபியாய்டு எடுப்பவர்களுக்கு மட்டும் கூடவே கூடாது, போதையைத் திடீரென்று நிறுத்தினால் வருகிற கடுமையான அறிகுறிகளைக் கிளப்பிவிடும். அகாம்ப்ரோசேட் ஏற்கெனவே நிறுத்தியவருக்கானது. கல்லீரல் கெட்டவருக்கு இதுவே தோது, ஏனென்றால் இது வெளியேறும் வழி சிறுநீரகம். தினம் மூன்று வேளை விழுங்க வேண்டும் என்பதுதான் தொல்லை. என்னைக் கேட்டால், பயமுறுத்தும் மருந்தைவிட ஆசையைத் தணிக்கும் மருந்தையே முதலில் மருத்துவரிடம் கேட்கச் சொல்வேன்.

கடைசிச் சண்டை ஏ.ஏ. கூட்டத்துக்கும் கவுன்சிலிங்குக்கும். ஏ.ஏ. 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில், குடியோடு போராடிய பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் தொடங்கியது. கட்டணம் இல்லை, குடியிலிருந்து மீள ஒவ்வொன்றாகக் கடக்க வேண்டிய 12 படிகள் உண்டு, 'மேலான சக்தி' பற்றிய பேச்சும் உண்டு. படித்த நண்பர்கள் பலர் இதை பஜனை மடம் என்று ஒதுக்குவார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் 27 ஆய்வுகளைத் தொகுத்து 2020-இல் வெளியான, மருத்துவ ஆய்வுகளை எடைபோடும் காக்ரேன் அமைப்பின் அலசல் என் வாயை அடைத்தது. ஓராண்டு முழுதாகக் குடிக்காமல் இருப்பதில், ஏ.ஏ.-யோடு இணைக்கும் முறையான சிகிச்சை மற்ற உளவியல் சிகிச்சைகளைவிடச் சற்று முன்னேதான் நின்றது.

அதற்காக கவுன்சிலிங் தோற்றுவிட்டது என்று இல்லை. பிராஜெக்ட் மேட்ச் என்ற பெரிய ஆய்வில் 1,726 பேரை மூன்று பிரிவாகப் பிரித்தார்கள். முடிவு 1997-இல் வந்தது. ஒரு பிரிவுக்கு 12 படிகள், ஒன்றுக்கு எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றும் சிபிடி, ஒன்றுக்கு உள்ளூக்கத்தைத் தூண்டும் உரையாடல், அதுவும் 4 அமர்வு மட்டும். யாருக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிப்பதே நோக்கம். மூன்று பிரிவிலும் குடி நன்றாகவே குறைந்தது, வித்தியாசம் சொற்பம், பொருத்தம் பார்த்த கணிப்புகள் பெரும்பாலும் பொய்த்தன. அதனால்தான் 'எனக்கேற்ற முறை' என்று தேடி மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறவர்களைப் பார்த்தால் எரிச்சலாக இருக்கிறது. கிடைக்கிற நல்ல வழி ஒன்றில் இன்றே நுழைந்து, சரிப்படவில்லை என்றால் மாறலாம்.

ஏ.ஏ. கூட்டத்தில் அண்ணனுக்குக் கடவுள் பேச்சு ஒத்துவரவில்லை. கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருப்பார். மூன்றாம் வாரம் அங்கிருந்த பெரியவர் ஒருவர், "தம்பி, அடுத்த வாரம் கொஞ்சம் முன்னாடியே வந்து நாற்காலி போட முடியுமா?" என்று கேட்டார். வருஷக்கணக்காக யாரும் அவரை நம்பி ஒரு வேலையும் கொடுத்ததில்லை. போனார். அப்புறம் ஒருமுறை சறுக்கினார். அடுத்த வாரமும் நாற்காலி போடப் போனார். இதற்கிடையில் மனநல மருத்துவர் எழுதிக் கொடுத்த நால்ட்ரெக்சோனையும் விடவில்லை. கூட்டத்தில் சிலர் "மாத்திரை ஊன்றுகோல்" என்றபோது, "கால் உடைஞ்சவனுக்கு வேற என்ன வேணும்?" என்று கேட்டாராம்.

அதெல்லாம் சரி, அவர் எதற்குமே வரமாட்டேன் என்கிறாரே என்கிற வீடுகளுக்கு ஒன்று. எல்லோரும் சேர்ந்து உட்கார வைத்து முகத்துக்கு நேரே விசாரிப்பதைவிட, குடிக்காத நேரத்தில் நன்றாகப் பழகுவது, குடியின் விளைவுகளை மூடி மறைக்காமல் விடுவது, சரியான தருணத்தில் சிகிச்சைப் பேச்சை எடுப்பது என்று குடும்பத்துக்குப் பயிற்சி தரும் கிராஃப்ட் முறை அதிகம் பலிக்கிறது. 1999-இல் வந்த ஓர் ஆய்வில் இந்த வழியில் 64 சதவீதம் பேர் சிகிச்சைக்கு வந்தார்கள். கூடி விசாரிக்கும் வழியில் 30 சதவீதம். எங்கள் வீட்டில் அந்த விசாரணையை இரண்டு தடவை நடத்தினோம். இரண்டு தடவையும் அண்ணன் எழுந்து நேராகக் கடைக்குத்தான் போனார்.